உப்புக் காற்றும் கதவுப் பிணைச்சலும்

இதை வாசித்து முடித்ததும் உங்கள் வீட்டு முன்கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கத்தைச் சற்று மேலே தூக்கிப் பாருங்கள். கதவு அசைந்து கொடுத்தால், மேல் பிணைச்சலின் திருகாணிகள் பிடி விட்டுவிட்டன என்று அறிந்துகொள்ளுங்கள். கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரையுள்ள நமது கரையோரத்தில் இப்படித் தொங்கும் கதவுகள் ஏராளம். கணவர் கடலிலோ வெளிநாட்டிலோ இருக்க, பிள்ளைகளுடன் தனித்திருக்கும் வீட்டுக்கு அந்தக் கதவுதான் இரவுக் காவல். பிணைச்சல் பக்கம் கழன்றுவிட்டால், எத்தனை பெரிய பூட்டுப் போட்டுத்தான் என்ன பயன்? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு நமது மாவட்டத்தில் கிடுகுக் குடிசைகளில் தங்கியவர்களைக் கேளுங்கள், ஒரு நல்ல கதவின் அருமையைச் சொல்வார்கள்.

மௌலவிக்குத் தச்சு வேலையில் என்ன அலுவல் என்று நீங்கள் கேட்கலாம். பல ஆண்டுகளுக்கு முன், நான் ஓதிக்கொடுத்த வகுப்பில் கிதாபுகள் வைக்க ஒரு தட்டு வேண்டியிருந்தது. நானே பொருத்தினேன். நான்கு திருகாணிகளை முறுக்கியதில் கை வலித்தது. மீதி நான்கையும் சுத்தியலால் அடித்து இறக்கினேன். ஒரு மாதம் ஆகவில்லை, ஒரு நாள் லுஹருக்குப் பின் தட்டு முழுச் சுமையுடன் விழுந்தது. அரை மணி நேரம் முந்தியிருந்தால் அதன் கீழே சிறுபிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். அல்ஹம்துலில்லாஹ், கிதாபுகளின் அட்டைகள் கிழிந்ததோடு போயிற்று.

சரிசெய்ய வந்த ஓடாவி, விழுந்த திருகாணியொன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். அதன் புரிகளில் மரத்தூள் அப்பியிருந்தது. “ஹஸரத், இது அடிக்கிற சாமானா?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

சாதாரண ஆணி மரத்தோடு உராய்ந்து நிற்கிறது. திருகாணி அப்படியல்ல. அதன் புரிகள் மரத்தின் நார்களுக்கிடையே வெட்டிக்கொண்டு போய், அந்த நார்களையே பிடித்துக்கொள்கின்றன. அடித்து இறக்கினால் நார்கள் அறுந்து தூளாகின்றன. பிறகு பிடிப்பதற்கு எதுவும் இல்லை. நுனி மரத்தில், அதாவது பலகையின் வெட்டுமுகத்தில், நார்களின் போக்கிலேயே முறுக்கினாலும் பிடி குறைவுதான்.

ஆகவே முதலில் துளை வேண்டும். வீட்டில் அதிகம் பயன்படும் 8ஆம் இலக்கத் திருகாணிக்கு, அல்பீசியா போன்ற மென்மையான மரத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர், முதிரை, தேக்கு போன்றவற்றில் சுமார் 3 மில்லிமீட்டர். புரிகளை விட்டுவிட்டு நடுத்தண்டின் பருமனுக்குத் துளை இருக்க வேண்டும் என்பதே கணக்கு. துளையே போடாமல் கடின மரத்தில் முறுக்கினால் மரம் வெடிக்கும், அல்லது ஆணியின் தலை முறியும். மேற்பலகையில் மட்டும் துளை தாராளமாக இருக்கலாம். அப்போதுதான் இரண்டும் நெருங்கி இறுகும். இலகுவாக இறங்குவதற்குச் சவர்க்காரம் தடவுவது நம்மிடையே வழக்கம். அது ஈரத்தை இழுத்துத் துருவைக் கூட்டும். மெழுகுதிரியில் தேய்த்தால் போதும்.

ஏற்கெனவே துளை பெருத்துவிட்ட கதவுக்கு என்ன செய்வது? தீக்குச்சி செருகி முறுக்குகிறோம். சில நாள் தாங்கும், அவ்வளவுதான். பழைய துளையைச் சுத்தமாக்கி, அதற்கு அளவான மர ஆப்பைச் சீவி, மரம் ஒட்டும் வெள்ளைப் பசை தடவி அடித்து இறக்குங்கள். ஒரு நாள் காயவிட்டு, மட்டமாக வெட்டி, புதுத் துளை போடுங்கள். இயன்றால் முன்னையதைவிட நீளமான ஆணியை இடுங்கள். மேல் பிணைச்சலைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கதவின் பாரம் மேல் பிணைச்சலை நிலையிலிருந்து இழுக்கிறது, கீழ்ப் பிணைச்சலையோ நிலையோடு அழுத்துகிறது.

இவ்வளவும் எந்த ஊருக்கும் பொருந்தும். நமக்கோ இன்னொரு தொல்லை உண்டு. சமையலறையில் உப்புப் போத்தல் கசிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சோளகக் காற்றுக் காலத்தில் கடலிலிருந்து வரும் உப்பு ஆணித்தலையில் படிந்து, அதேபோலக் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. மழையில்லாத நாளிலும் இரும்பு துருவேறுகிறது. துருப்பிடித்த இரும்பைச் சுற்றியுள்ள மரமும் கறுத்து நைந்துபோகும். பித்தளைப் பிணைச்சலில் இரும்பு ஆணி போடுவது இன்னும் மோசம். உப்பு ஈரத்தில் இரண்டு உலோகங்கள் சேர்ந்தால் இரும்பு விரைவாக அரிக்கப்படும். பித்தளைக்குப் பித்தளை ஆணியே போடுங்கள். அது மென்மையானது, ஆதலால் முதலில் அதே அளவு இரும்பு ஆணியை முறுக்கி வழி செய்து, கழற்றிவிட்டுப் பித்தளையை இறக்குவது நல்லது. துருப்பிடிக்காத உருக்கு வாங்குவதாயின், கடற்கரைக்கு 304ஐவிட 316 என்ற வகை தாக்குப்பிடிக்கும். விலை கூடத்தான்.

பழைய கப்பற்காரர்கள் இரும்பை நம்பாத கதையும் நமது கரைக்கு உறவுடையதே. 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா இறங்கிய ‘பத்தாலா’ நமது புத்தளம்தான் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். இந்தியாவிலும் யெமனிலும் கப்பல் பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைக்கிறார்கள் என்று அவர் எழுதினார். காரணமும் சொன்னார்: ஆணி அறைந்த கப்பல் பாறையில் மோதினால் பிளந்துவிடும், தைத்தது வளைந்து கொடுக்கும். ஸூரத்துல் கமரின் 13ஆம் வசனத்தில் நூஹ் நபியின் கப்பலைக் குறிக்க வரும் ‘துஸுர்’ என்ற சொல்லுக்கும், ஆணிகள் என்றும் பலகைகளைப் பிணைக்கும் நார்க் கயிறு என்றும் இரு விளக்கங்கள் கூறப்பட்டுள்ளன. எனது மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது அந்த ஓடாவியின் முகம் என் நினைவுக்கு வரும்.

கதவுக்கு வருவோம். துருப்பிடித்த ஆணியைக் கழற்றுமுன் கதவின் அடியில் ஆப்பு வைத்துப் பாரத்தைத் தாங்கவிடுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். ஆணித்தலையின் வெட்டைச் சுரண்டித் துப்புரவாக்கி, முதலில் ஒரு மயிரிழை இறுக்கிவிட்டுப் பிறகு தளர்த்துங்கள். துரு விட்டுக்கொடுக்கும். ஒரு நேரத்தில் ஓர் ஆணி மட்டும். அதைப் புதுப்பித்த பிறகே அடுத்ததில் கை வையுங்கள்.