சமநிலை காணும் கருவிகள்

பட்டம் விடும் சிறுவன், அதனை வானில் ஏற்றுவதற்கு முன், சூத்திரக் கயிற்றை விரலில் மாட்டித் தூக்கிப் பார்க்கின்றான். பட்டம் ஒருபுறம் சாய்ந்தால் முடிச்சைச் சற்றே நகர்த்துகின்றான். வால் போதாதெனில் இன்னும் ஒரு முழத் துணியைச் சேர்த்துக் கட்டுகின்றான். அவனுக்கு விரலே கருவி. மாதிரி விமானம் செய்வோனும் இவ்வேலையையே செய்தல் வேண்டும். ஆயின், பட்டத்தைக் கயிறு பிடித்திருக்கின்றது. கட்டின்றிப் பறக்கும் மாதிரி விமானத்தைப் பிடித்திருப்பது எதுவும் இல்லை. பல வாரங்கள் இழைத்தும் ஒட்டியும் உருவாக்கிய விமானம், சமநிலை தவறினால், கையை விட்டு நீங்கிய சில வினாடிகளில் தரையில் மோதிச் சிதறிவிடும்.

நம் நாட்டில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் சேரும் மாணவர்க்கு மாதிரி விமானம் அமைத்தலும் ஒரு பயிற்சியாகும். அத்தகைய மாணவர் உள்ளத்தில் எழக்கூடிய வினா ஒன்று உண்டு. சமநிலை காணும் கருவியைக் கடையில் வாங்குவதா, கையாற் செய்துகொள்வதா?

விடை கூறுமுன், அக்கருவி எதனைக் காட்டுகின்றது என்பதை அறிதல் வேண்டும். ஒரு பொருளின் எடை முழுவதும் ஓரிடத்தே திரண்டு நிற்பதாகக் கொண்டால், அவ்விடமே ஈர்ப்பு மையம் எனப்படும். பொதுவான அமைப்புடைய மாதிரி விமானத்தில் அம்மையம், இறக்கையின் முன் விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தின் நான்கில் ஒரு பங்கிற்கும் மூன்றில் ஒரு பங்கிற்கும் இடையே அமைதல் நன்று. அது மிக முன்னே சென்றால், மூக்குக் கனத்து, விமானம் மேலெழ மறுக்கும். மிகப் பின்னே சென்றால், வால் தாழ்ந்து மூக்கு நிமிர்ந்து, கட்டுக்கடங்காது புரளும். மூக்குக் கனத்த விமானம் செம்மையாகப் பறவாது, வால் கனத்த விமானமோ ஒரே முறைதான் பறக்கும் என்று இக்கலையில் தேர்ந்தோர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இறக்கையின் அகலம் 20 செ.மீ. எனக் கொள்வோம். மையம் இருக்கத்தக்க இடம் 5 செ.மீ. முதல் ஏறத்தாழ 6.7 செ.மீ. வரை ஆகும். அஃதாவது, 17 மி.மீ. நீளமுள்ள ஒரு பகுதி. ஆதலின், ஒன்றிரண்டு மி.மீ. பிழைபடும் கருவியும் இவ்வேலைக்குப் போதும். இவ்வளவை எண்ணிப் பாராதவரே, விலையுயர்ந்த கருவி இல்லையே என்று வருந்துவர்.

1871ஆம் ஆண்டில் பாரிசு நகரத்துப் பூங்கா ஒன்றில் அல்போன்சு பேனோ என்னும் பிரெஞ்சு இளைஞர், முறுக்கிய இரப்பரால் இயங்கும் மாதிரி விமானத்தை 11 வினாடி பறக்கவிட்டார். எடையையும் வாலையும் அவர் பொருத்திய முறையால் அது தானே நிலைகொண்டு பறந்தது. அவருக்கு வேண்டியவற்றை விற்கும் கடை அக்காலத்தில் ஏது?

வீட்டிலேயே செய்யும் கருவி மிக எளியது. கனமான மரக்கட்டையில், விமானத்தின் உடல் இடையே புகும் அளவு இடைவெளிவிட்டு இரு துளைகள் இட வேண்டும். தலையில் இரப்பர் பதித்த இரு பென்சில்களை அவற்றில் நட்டால் தாங்கி ஆயத்தம். இறக்கையின் அடியில் உரிய இடத்தைக் குறித்து, அக்குறிகளைப் பென்சில்களின் மீது அமர்த்தினால், விமானம் எப்பக்கம் தாழ்கின்றது என்பது புலனாகும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. இறக்கை உடலின் மேற்புறம் இருந்தால் விமானத்தை நேராகவே வைக்கலாம்; கீழ்ப்புறம் இருந்தால் தலைகீழாக வைத்தல் வேண்டும். தராசுக் கோலின் ஈர்ப்பு மையம் தாங்குமிடத்திற்குக் கீழே அமைவதாலன்றோ தராசு அமைதியாக நிற்கின்றது? எடை தாங்குமிடத்திற்கு மேலே இருந்தால், விரல் நுனியில் நிறுத்திய கோல்போல விமானம் சாய்ந்துவிடும். அச்சாய்வைக் கண்டு எதனையும் முடிவு செய்ய இயலாது.

இரண்டு தராசுகள் கிடைத்தால் தாங்கியும் வேண்டுவதில்லை. விமானம் பறக்கும் நிலையில் மட்டமாக இருக்குமாறு, முன் சக்கரங்கள் இரண்டையும் ஒன்றிலும் வால் சக்கரத்தை மற்றொன்றிலும் வைத்து நிறுக்க வேண்டும். முன்னது 1,100 கிராமும், பின்னது 100 கிராமும், சக்கரங்களின் இடைத்தொலைவு 72 செ.மீ. ஆகவும் இருப்பின், 100ஐ 72ஆற் பெருக்கி மொத்த எடையாகிய 1,200ஆல் வகுக்க வருவது 6. முன் சக்கரத்திற்குப் பின்னே 6 செ.மீ. தொலைவில் மையம் உளது. முன் சக்கரம் இறக்கையின் முன் விளிம்பிற்கு நேர்கீழே இருந்தால், நம் 20 செ.மீ. இறக்கைக்கு இது மிகப் பொருத்தமான இடமாகும். வால் பக்கத் தராசு 5 கிராம் பிழை காட்டினாலும் விடையில் நேரும் பிழை 3 மி.மீ. அளவே.

கடைக் கருவிகளுக்கும் சிறப்பு இல்லாமல் இல்லை. அளவுகோல் பொறித்த பிளாஸ்டிக் தாங்கிகள் உள்ளன. இரண்டு உணர்விகளால் எடையறிந்து, மேற்சொன்ன கணக்கைத் தாமே போட்டு விடையை எண்ணாகக் காட்டும் மின்னணுக் கருவிகளும் உள்ளன. பல விமானங்களை அடுத்தடுத்துச் சோதிப்பவர்க்கு அவை காலத்தை மிச்சப்படுத்தும். ஆனால் ஒரே விமானம் வைத்திருப்பவர் அதற்காகப் பணம் செலவிடுவதைக் காட்டிலும், அப்பணத்திற்கு நல்ல மரம் வாங்குவதே தக்கது என்பது என் கருத்து.

எக்கருவியாயினும் அதனைச் சோதித்த பின்னரே நம்புதல் வேண்டும். தாங்கியில் ஒருமுறை மூக்கைக் கிழக்கு நோக்கியும், மறுமுறை மேற்கு நோக்கியும் வைத்துப் பாருங்கள். இருமுறையும் மூக்கே தாழ்ந்தால் குறை விமானத்தில் உளது. இருமுறையும் கிழக்குப் பக்கமே தாழ்ந்தால் குறை மேசையிலோ தாங்கியிலோ உளது. குறை விமானத்தினுடையதாயின், முதலில் மின்கலத்தை முன்னோ பின்னோ நகர்த்திப் பார்க்க வேண்டும். அது போதாதபோதே ஈயத்துண்டைச் சேர்க்கலாம்.

இதுவரை கைக்கருவியே போதும் என்றோம். சுழல் விசிறியின் சமநிலைக்கு அவ்வாறு கூறுதல் இயலாது. 25 செ.மீ. நீளமுள்ள விசிறி நிமிடத்திற்கு 12,000 முறை சுழலும்போது, அதன் ஒரு நுனியில் கிராமில் பத்தில் ஒரு பங்கு எடை மிகுந்திருந்தால், அது அச்சை ஏறத்தாழ 2 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் ஒவ்வொரு சுற்றிலும் வெளியே இழுக்கும். அவ்வதிர்ச்சியால் திருகாணிகள் தளரும். ஒட்டிய இடங்கள் விடும். இரண்டு சவர அலகுகளின் கூர்மீது மெல்லிய இரும்புக் கம்பியைக் கிடத்தி, அதில் விசிறியைக் கோத்துப் பார்ப்போர் உண்டு. கம்பி துளையின் நடுவே சரியாக அமையாததே இம்முறையின் இடர்ப்பாடு. கடைக் கருவியில் கூம்பு வடிவத் திருகுகள் விசிறியைத் துளையின் நடுவிலேயே பற்றுகின்றன. அச்சைக் காந்தங்கள் ஏறக்குறைய உராய்வின்றித் தாங்குகின்றன. இதனை வாங்கப் பலர் ஒன்றுசேர்ந்து பணம் போடலாம். ஒரு பள்ளிக்கு ஒன்றே போதும்.

கனத்த இதழின் நுனியை வெட்டலாகாது. அதன் பரப்பை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தல் வேண்டும். சிறு வெடிப்புக் கண்டாலும் அவ்விசிறியை எறிந்துவிட வேண்டும். பின்னர் இயந்திரத்தை முதன்முறை முடுக்கும்போது, அருகிலிருப்போர் விமானத்தின் பின்புறமாக விலகி நிற்பாராக. உடைந்த இதழ் பாய்ந்து வருவது பக்கவாட்டில்தான்.