மோட்சத்தில் பியானோ உண்டா?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் மாண்டவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல். பலருடைய உடல்கூட ஊர் வந்து சேரவில்லை. பிள்ளையையும் புருஷனையும் பறிகொடுத்த பெண்கள் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போனார்கள். பிரசங்க பீடத்திலிருந்து அவர்கள் கேட்ட பரலோகத்தில் வெள்ளை அங்கி இருந்தது, பொன் வீதி இருந்தது, ஓயாத துதிப்பாடல் இருந்தது. 'என் மகன் அங்கே என்னை அடையாளம் கண்டுகொள்வானா?' என்பதற்கு மட்டும் நேரான பதில் இல்லை.

அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் எலிசபெத் ஸ்டூவர்ட் ஃபெல்ப்ஸ். மாசசூசெட்ஸ் மாநிலம் ஆன்டோவரில் இறையியல் பேராசிரியர் ஒருவரின் மகள். அவருடைய 'தி கேட்ஸ் அஜார்' நாவல் 1868இல் வெளியானபோது அவருக்கு வயது 24.

கேள்வி என்னவோ பழையதுதான். ஒரு பெண்ணை அண்ணன் தம்பி ஏழு பேரும் ஒருவர் பின் ஒருவராக மணந்து, எல்லோரும் செத்துப்போனால், உயிர்த்தெழும்போது அவள் யாருக்கு மனைவி என்று சதுசேயர்கள் இயேசுவை மடக்கப் பார்த்தார்கள். அங்கே கொள்வினையும் இல்லை, கொடுப்பினையும் இல்லை என்று அவர் முடித்துவிட்டார். அப்படியானால் உறவு? வெளிப்படுத்தின விசேஷம் காட்டும் புதிய எருசலேமில் அளவெல்லாம் துல்லியம். நீளம், அகலம், உயரம் மூன்றும் 12,000 ஸ்தாதி, அதாவது ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். வாசல்கள் பன்னிரண்டும் முத்து. கடல் கிடையாது. அதை எழுதியவர் பத்மு தீவில் அடைபட்டுக் கிடந்தவர்; அவருக்குக் கடல் மேல் என்ன பாசம் இருந்திருக்கும்! கண்ணீரெல்லாம் துடைக்கப்படும் என்ற வாக்குறுதியை விட்டால், அந்த நகரம் எனக்குப் பிரமிப்பைத் தருகிறதே தவிர, குடியேறும் ஆசையைத் தரவில்லை.

ஐந்தாம் நூற்றாண்டில் அகஸ்டின் 'கடவுளின் நகரம்' நூலின் கடைசிப் பகுதியில் கைக்குழந்தையாகச் செத்தவர்களைப் பற்றி யோசிக்கிறார். அவர்கள் வளர்ந்தவர்களாகவே எழுவார்களாம். ஏறக்குறைய முப்பது வயது, கிறிஸ்து வாழ்ந்த வயது. குண்டாக இருப்பவர்களும் ஒல்லியாக இருப்பவர்களும் கவலைப்பட வேண்டாம். இரத்த சாட்சிகளின் தழும்புகள் மட்டும் மறையாது, அவை அழகாகவே விளங்கும்.

கவிஞர் தாந்தே அந்தத் தாய்மார்களின் கேள்விக்கு இன்னும் நெருங்கி வருகிறார். 'பாரதீசோ'வின் பதினான்காம் காண்டத்தில் ஒளியாக நிற்கும் ஆன்மாக்கள் தங்கள் உடலைத் திரும்பக் கேட்டுத் தவிக்கின்றன. தங்களுக்காக மட்டுமல்ல, ஒருவேளை அம்மாவுக்காக, அப்பாவுக்காக, பிரியமானவர்களுக்காகவும்தான் என்கிறார் கவிஞர். அதே தாந்தேயை அவ்வளவு தூரம் அழைத்துவந்த பியாத்ரிச்சே, கடைசியில் தன் ஆசனத்திலிருந்து ஒருமுறை அவரைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுக் கடவுள் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். காதலனுக்கு ஒரு பார்வை, மிச்சமெல்லாம் கடவுளுக்கு. இறையியல் பிசகாமல் இருக்கிறது; மனசுதான் ஒப்பவில்லை.

சியேனாவின் ஓவியர் ஜொவான்னி தி பவோலோ 1445 வாக்கில் வரைந்த 'பரதீசு' இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் ஏறக்குறைய ஒன்றரை அடிதான். அதில் பூப்பூத்த புல்தரை, பழமரங்கள், முயல்கள். துறவியரும் சீமாட்டிகளும் ஜோடி ஜோடியாக நின்று ஒருவரையொருவர் கட்டிக்கொள்கிறார்கள், கைபிடித்து முகம் பார்க்கிறார்கள். ரயில் நிலையத்தில் நெடுநாள் கழித்து வந்திறங்கியவர்களை வரவேற்கும் கூட்டத்தைப் போல.

ஃபெல்ப்ஸின் பரலோகம் இந்தப் புல்தரைக்குப் பக்கத்து வீடு. போரில் சகோதரனை இழந்து ஜெபிக்கவும் முடியாமல் இறுகிப்போன மேரியிடம் அத்தை வினிஃப்ரட், அவன் உன்னைத் தெரிந்துகொள்வான், பேசுவான், சிரிப்பான் என்கிறாள். பியானோவுக்கு ஏங்கும் ஏழைப் பெண்ணிடம் அங்கே பியானோ இருக்கும் என்கிறாள். குட்டிப் பெண்ணுக்கு இஞ்சி பிஸ்கட் உண்டு. சபையின் டீக்கன் குவர்க் முகம் சுளிக்கிறார். பரலோகத்தைப் பற்றிக் கனமான பிரசங்கம் செய்த போதகர், தன் மனைவி செத்த பிறகு வினிஃப்ரட்டிடம்தான் வந்து நிற்கிறார்.

புத்தகம் பரபரப்பாக விற்றது. அதன் பெயரில் சுருட்டும் சட்டைக் காலரும் கூட விற்றார்கள். வேதத்துக்கு விரோதம் என்று சமயப் பத்திரிகைகள் சாடின. எனக்கு அதில் குறையாகப் படுவது வேறு: அவருடைய பரலோகம் நியூ இங்கிலாந்து வீட்டுக் கூடத்தைத் தாண்டவே இல்லை. மார்க் ட்வெயின் பிடித்துக்கொண்டதும் இதைத்தான். பிரசங்க பீடத்துப் பரலோகத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவருடைய கேப்டன் ஸ்டார்ம்ஃபீல்டு பரலோகம் போய், யாழும் இறக்கையும் வாங்கிக்கொண்டு மேகத்தில் உட்கார்ந்து, தெரிந்த ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துச் சலித்துப்போய் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிடுகிறார். பல ஆண்டுகள் கிடப்பில் இருந்த அந்தக் கதை 1909இல்தான் புத்தகமானது.

கேலிக் கதைக்கு நடுவே ட்வெயின் ஒரு தாயைக் கொண்டுவருகிறார். இரண்டு வயதில் செத்த மகளைப் பரலோகத்தில் மறுபடி மடியில் போட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையிலேயே அவள் காலம் தள்ளியவள். அங்கே போனால் மகள் வளர்ந்து, பெரிய படிப்பெல்லாம் படித்து, தன் நிகரானவர்களோடு இருக்கிறாள். அம்மாவுக்கோ குழந்தைதான் வேண்டும். இருவருக்கும் பேச ஒன்றுமில்லை. அகஸ்டின் சொன்னபடி குழந்தை வளர்ந்துவிட்டது. ஃபெல்ப்ஸ் சொன்னபடி சந்திப்பும் நடந்துவிட்டது. அவர்கள் ஒட்டிக்கொள்வார்கள், ஆனால் அதற்கு நாளாகும் என்கிறார் பக்கத்தில் நிற்கும் பழைய பரலோகவாசி.