வீட்டு மீட்டருக்கும் ஒரு கணக்கு நோட்டு

உரத்துக்கும் ஆள்கூலிக்கும் கணக்கு எழுதி வைக்கும் விவசாயிகள் பலர் உண்டு. வீட்டு மின்சாரத்துக்குக் கணக்கு எழுதுவோர் மிகக் குறைவு. தோட்டத்துப் பம்புசெட்டுக்கு மின்கட்டணம் இல்லை. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இந்தச் சலுகை கிடைத்தது. ஆனால் வீட்டு இணைப்புக்குப் பணம் கட்டியாக வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் அந்தத் தொகையைக் குறைக்கும் வழி பெரும்பாலும் நம் கையிலேயே இருக்கிறது.

யூனிட் என்றால் என்ன?

1,000 வாட் சக்தியுள்ள ஒரு சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் செலவாகும். 60 வாட் குண்டு பல்பு சுமார் பதினேழு மணி நேரம் எரிந்தாலும் அதே ஒரு யூனிட்தான். சாதனத்தின் வாட்டை, தினமும் அது ஓடும் மணி நேரத்தால் பெருக்கி, 60 நாளால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் இரண்டு மாதச் செலவு தெரிந்துவிடும்.

இரண்டு மாடு, அரை குதிரைசக்தி மோட்டார், ஒரு குளிர்சாதனப் பெட்டி உள்ள சிறு விவசாயி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் இரண்டு மாதக் கணக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

வீட்டில் 60 வாட் குண்டு பல்பு இரண்டு, தினம் 5 மணி நேரம் - 36 யூனிட்
மாட்டுத் தொழுவத்தில் 60 வாட் பல்பு ஒன்று, இரவு முழுதும் - 43 யூனிட்
75 வாட் மின்விசிறி இரண்டு, தினம் 10 மணி நேரம் - 90 யூனிட்
குளிர்சாதனப் பெட்டி - 40 யூனிட்
தண்ணீர் மோட்டார், தினம் ஒரு மணி நேரம் - 33 யூனிட்
டி.வி.யும் செட்டாப் பெட்டியும் - 30 யூனிட்
மிக்சி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி - 15 யூனிட்

மொத்தம் 287 யூனிட்.

எங்கே குறைக்கலாம்?

முதலில் விளக்குகள். மூன்று குண்டு பல்புகளையும் எடுத்துவிட்டு 9 வாட் எல்.இ.டி. பல்பு போட்டால், 79 யூனிட் செலவான இடத்தில் 12 யூனிட்தான் ஆகும். வெளிச்சம் குறையாது. இரவு முழுதும் எரியும் தொழுவத்துப் பல்பைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

அடுத்து மோட்டார். மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்த பிறகே பல வீடுகளில் மோட்டாரை நிறுத்துகிறார்கள். தொட்டி நிரம்ப நாற்பது நிமிடம் போதும் என்றால், மீதி இருபது நிமிடத்துக்கு இரண்டு மாதத்தில் 11 யூனிட் வீண். மின்னழுத்தம் குறைவாக இருக்கும் நேரத்தில் மோட்டாரை ஓட்டக் கூடாது. அப்போது அது அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். காயில் எரிந்தால் அதைக் கட்டும் செலவு பல மாத மின்கட்டணத்தை விழுங்கிவிடும்.

மூன்றாவது செட்டாப் பெட்டி. டி.வி.யை ரிமோட்டால் அணைத்தாலும் பெட்டி வேலை செய்துகொண்டே இருக்கும். 10 வாட் தானே என்று விட்டால், பார்க்காத நேரத்துக்கே இரண்டு மாதத்தில் 11 யூனிட் போகும். சுவரில் உள்ள சுவிட்சை அணைப்பதே சரி.

இந்த மூன்றினால் மட்டும் 89 யூனிட் மிச்சம். 287 யூனிட் 198 ஆகிவிடும். செலவு மூன்று பல்பின் விலை மட்டுமே.

கட்டணத்தின் படிக்கட்டு

மின்கட்டணம் படிக்கட்டு போன்றது. மேலே ஏற ஏற ஒவ்வொரு யூனிட்டின் விலையும் கூடும். 2022 செப்டம்பரில் அமலான கட்டணத்தை உதாரணமாகக் கொள்வோம். முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.25, 201 முதல் 400 வரை ரூ.4.50, 401 முதல் 500 வரை ரூ.6. இதன்படி 287 யூனிட்டுக்கு ரூ.616.50. 198 யூனிட்டுக்கு ரூ.220.50. இரண்டு மாதத்துக்கு ரூ.396 மிச்சம், ஆண்டுக்கு ரூ.2,376.

500-ஐத் தாண்டும் வீடுகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதே கட்டணத்தில் 500 யூனிட்டுக்கு ரூ.1,725. 501 ஆனால் ரூ.1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை ரூ.233! 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்கு உரிய சலுகை போய்விடுவதே காரணம். 2022-க்குப் பின் கட்டண விகிதங்கள் மாறியுள்ளன. ஆகவே இன்றைய விகிதத்தை மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்வது நலம்.

கணக்கெடுப்பவர் வந்து போன நாளில் மீட்டர் எண்ணை நோட்டில் எழுதுங்கள். பிறகு வாரம் ஒரு நாள் எழுதி வந்தால், எந்தப் படியை நெருங்குகிறோம் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

புதிது வாங்கும்போது

ஓடுகிற மின்விசிறியைக் கழற்ற வேண்டியதில்லை. பழுதாகி மாற்றும்போது, 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறி வாங்கினால், தினம் 10 மணி நேர ஓட்டத்தில் ஒரு விசிறிக்கு 27 யூனிட் மிச்சமாகும். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியுள்ள நட்சத்திரச் சீட்டில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும். அதை ஆறால் வகுத்தால் இரண்டு மாதச் செலவு. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் பின்புறம் காற்றோட இடம் விட வேண்டும். 1,500 வாட் வெந்நீர்க் கம்பியைத் தினம் அரை மணி நேரம் போட்டால் 45 யூனிட் ஆகும். விறகும் எருவாட்டியும் உள்ள வீட்டில் இச்செலவு தேவைதானா என்று யோசிக்கலாம்.

மின்கசிவைக் கண்டுபிடிக்க

ஒரு நாள் வீட்டிலுள்ள எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, செருகிகளையும் பிடுங்கிவிட்டு மீட்டரைப் பாருங்கள். மெயினை மட்டும் அணைக்க வேண்டாம். அதிலுள்ள சிவப்பு விளக்கு அப்போதும் விட்டுவிட்டுத் துடித்தால், எங்கோ மின்சாரம் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். ஈரச் சுவரும், எலி கடித்த ஒயரும், தொழுவத்துக்கு இழுத்த பழைய இணைப்பும்தான் பெரும்பாலும் காரணம். இதில் போவது காசு மட்டுமல்ல. ஈரத் தரையில் நிற்கும் மாட்டின் உயிரும், பால் கறக்கப் போகிறவரின் உயிரும் போகும். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு ஒயரைச் சரிசெய்து, எர்த் இணைப்பைச் சோதித்து, கசிவு கண்டதும் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புச் சுவிட்ச் ஒன்றையும் பொருத்திவிட வேண்டும்.

செய்யக் கூடாதது

கட்டணம் கூடுகிறதே என்று பம்புசெட் இணைப்பிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுப்பது தவறு. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி இரு மடங்கு கட்டணம் விதிக்கலாம். எந்த நாளிலிருந்து என்று தெரியாவிட்டால் முந்தைய பன்னிரண்டு மாதத்துக்கும் கணக்கிடுவார்கள். பன்றிக்குப் பயந்து வீட்டு மின்சாரத்தை வேலியில் பாய்ச்சுவது அதைவிடக் கொடுமை. இரவில் மடை பார்க்க வரும் பக்கத்துத் தோட்டக்காரரை அந்தக் கம்பிக்கு அடையாளம் தெரியாது.

இந்த வாரமே ஒரு நோட்டு வாங்கி முதல் எண்ணை எழுதுங்கள். தொழுவத்துப் பல்பை மாற்றுங்கள். அடுத்த கணக்கெடுப்பில் பலன் தெரியும்.