நிற்கத் தெரிந்த தறி, நிற்காத வண்டி

நாலு சக்கர நாடு – 11

போன வாரம் அம்பாசிடரை உத்தரப்பாடா தொழிற்சாலை வாசலில் விட்டுவிட்டு வந்தோம். 2014 மே மாதம் அங்கே உற்பத்தி நின்றது. நம் ஊர் வாடகை ஸ்டாண்டுகளிலோ அதற்கு வெகு முன்பே அது ஓரங்கட்டப்பட்டுவிட்டது. ஓரங்கட்டியது எந்த வண்டி என்று எந்த டிரைவரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். முதலில் குவாலிஸ், அப்புறம் இன்னோவா. இரண்டும் டொயோட்டா.

நெய்வேலிப் பக்கம் முத்தாண்டிக்குப்பத்தில் நின்று பார்த்தால் இதன் காரணம் பாதி புரிந்துவிடும். ஒரு புறம் முந்திரியும் பலாவும் விளையும் பண்ருட்டி வட்டாரம். மறுபுறம் 1956-ல் தொடங்கிய என்எல்சியின் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும். சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வீடுகள் நடுவில். இப்படிப்பட்ட ஊரில் வாடகை வண்டி எப்போது தேவைப்படும் என்பது எல்லோருக்கும் தெரியும். வெளிநாடு போகிறவரை ஏற்றிவிட மீனம்பாக்கம். பெரியவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் புதுச்சேரி ஜிப்மர். ஆவணியில் வேளாங்கண்ணி, கார்த்திகையில் சபரிமலை. பெண் பார்க்க, பரிசம் போட, துக்கம் விசாரிக்க.

எந்தப் பயணமானாலும் ஏழெட்டுப் பேருக்குக் குறையாமல் ஏறுவார்கள். கேரியரில் மூட்டைகள் ஏறும். சாலையோ விக்கிரவாண்டி – தஞ்சாவூர் நெடுஞ்சாலை. நாலுவழிப் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்த இழுப்பில் இந்தப் பக்கத்து வண்டிகள் பார்க்காத பள்ளம் இல்லை. இத்தனையையும் தாங்கி, ராத்திரி இரண்டு மணிக்கு நடுவழியில் நின்றுவிடாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதனால்தான் போன் செய்கிறவர் “வண்டி இருக்கா?” என்று கேட்பதில்லை. “இன்னோவா இருக்காண்ணே?” என்றே கேட்கிறார்.

நடுவழியில் நிற்காத வண்டி என்று பெயர் வாங்கிய இந்த நிறுவனத்தின் வரலாறு, தானாக நின்றுவிடும் ஓர் இயந்திரத்தில் தொடங்குகிறது.

தச்சர் மகனின் தறி

சகிச்சி டொயோடா 1867-ல் ஜப்பானின் ஒரு கிராமத்தில் தச்சர் வீட்டில் பிறந்தவர். வீட்டில் அம்மா தறியில் படும் பாட்டைப் பார்த்தே தறியைத் திருத்தும் வேலையில் இறங்கினார் என்று சொல்வார்கள். 1891-ல் மரக் கைத்தறி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். 1924-ல் மகன் கிச்சிரோவுடன் சேர்ந்து ‘ஜி வகை’ தானியங்கித் தறியை முடித்தார். ஓர் இழை அறுந்தால் அந்தத் தறி அந்த இடத்திலேயே நின்றுவிடும். பிழையான துணி ஒரு முழம்கூட நெய்யப்படாது. தறிக்கு ஓர் ஆள் காவல் நிற்க வேண்டிய அவசியம் போய், ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது.

1929-ல் இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டாரத்துப் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் இதன் உரிமையை ஒரு லட்சம் பவுண்டு கொடுத்து வாங்க ஒப்பந்தம் போட்டது. உலகத்துக்கே நெசவு இயந்திரம் விற்ற லங்காஷயர், ஜப்பானிடம் தறி வாங்கியது அந்தக் காலத்தில் சாதாரணச் செய்தி இல்லை.

மறு ஆண்டு சகிச்சி இறந்தார். மகனின் மனம் காரில் இருந்தது. 1933-ல் தறிக் கம்பெனிக்குள்ளேயே ஒரு மோட்டார் பிரிவு, 1936-ல் முதல் பயணிகள் கார், 1937-ல் தனி நிறுவனம் என்று வேலை வேகமாக நடந்தது. நாகோயா அருகே தொழிற்சாலை அமைந்த கொரோமோ என்ற ஊர், 1959-ல் தன் பெயரையே டொயோட்டா என்று மாற்றிக்கொண்டது.

இடையில் 1950-ல் நிறுவனம் மூழ்கும் நிலைக்கு வந்தது. போருக்குப் பிந்தைய பணமுடை, தேங்கிய வண்டிகள், வங்கிகளின் நெருக்கடி. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையை விட்டுப் போனார்கள். பொறுப்பேற்றுக் கிச்சிரோவும் பதவி விலகினார். அதே ஆண்டு ஜூன் மாதம் கொரியப் போர் வெடித்தது. அமெரிக்க ராணுவம் லாரிகள் கேட்டு வந்தது. கம்பெனி பிழைத்தது. திரும்பிப் பார்க்கக் கிச்சிரோ அதிக நாள் இல்லை, 1952-ல் காலமானார்.

காசு இல்லாத அந்தக் காலம்தான் டொயோட்டாவின் புகழ்பெற்ற உற்பத்தி முறையைப் பிறப்பித்தது. பெரிய கிடங்கு கட்டி உதிரிப் பாகங்களைக் குவிக்க வசதியில்லை. எனவே எது, எப்போது, எவ்வளவு வேண்டுமோ அதை மட்டும் வரவழைப்பது என்ற வழக்கம் வந்தது. இதை ஒழுங்குபடுத்தியவர் தாய்ச்சி ஓனோ. தறியின் பாடத்தை அவர் கார்த் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தார். வண்டி பூட்டும் வரிசையில் நிற்கும் கடைசித் தொழிலாளிக்கும் எட்டுகிற மாதிரி ஒரு கயிறு. தவறு கண்ணில் பட்டால் அவர் அதை இழுக்கலாம். குழுத் தலைவர் வந்து பார்த்துச் சரிசெய்யாவிட்டால் வரிசை நின்றுவிடும். உற்பத்தி குறைந்தாலும் பரவாயில்லை, பிழை அடுத்த கைக்குப் போகக் கூடாது. மற்ற கம்பெனிகள் ஓட்டத்தை நிறுத்துவதைக் குற்றமாகப் பார்த்த காலத்தில் இது தலைகீழ்ப் பாடம்.

அதற்காக டொயோட்டா தொட்டதெல்லாம் துலங்கியது என்று நினைத்துவிட வேண்டாம். 1957-ல் கிரவுன் காரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த நெடுஞ்சாலை வேகத்துக்கு அது மூச்சு வாங்கியது. விற்பனையை நிறுத்திவிட்டு ஊர் திரும்பி, வேறு வண்டி செய்துகொண்டு மறுபடி போனார்கள். 1966-ல் கொரோலா வந்தது. அதன் பிறகு நடந்தது உலகம் அறிந்தது.

தமிழர்களுக்கு இந்தப் பெயர் முதலில் கடல் கடந்துதான் பழக்கமானது. வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் ஹைலக்ஸையும் லேண்ட் குரூசரையும் பாலைவன மணலில் பார்த்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஹைஏஸ் வான் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர் ஆகிவிட்டது.

பிடதியிலிருந்து வந்த பெட்டி

இந்தியாவில் டொயோட்டாவின் முதல் வரவு பலருக்கு நினைவில் இருக்காது. 1980-களில் டிசிஎம் குழுமத்துடன் கூட்டு சேர்ந்து டைனா என்ற சிறிய லாரியை உத்தரப்பிரதேசத்தின் சூரஜ்பூரில் செய்தது. அதே காலத்தில் மஸ்தா, மிட்சுபிஷி, நிசான் ஆகியவையும் இதே மாதிரி கூட்டு சேர்ந்து இறங்கின. யென்னின் மதிப்பு ஏற ஏற இறக்குமதிப் பாகங்களின் விலை கழுத்தை நெரித்தது. ஸ்வராஜ் மஸ்தா வேன் நம் சாலைகளில் தங்கிவிட்டது. டிசிஎம் டொயோட்டா தங்கவில்லை. 1990-களில் அந்தத் தொழிற்சாலை கொரியாவின் டேவூ கைக்குப் போனது.

இரண்டாவது வரவு பெங்களூரு வழியாக வந்தது. அதுவும் நெசவிலிருந்தே. 1995-ல் கிர்லோஸ்கர் குழுமத்துடன் சேர்ந்து ஜிகனியில் நூற்பு இயந்திரம் செய்யும் கூட்டு நிறுவனம் உருவானது. அந்த உறவு முற்றி, 1997-ல் டொயோட்டா கிர்லோஸ்கர் மோட்டார் பிறந்தது. மைசூர் சாலையில் பிடதியில் தொழிற்சாலை எழுந்தது. 2000-ம் ஆண்டு தொடக்கத்தில் முதல் வண்டியாகக் குவாலிஸ் வந்தது.

வண்டியைப் பார்த்த பத்திரிகைகள் உதட்டைப் பிதுக்கின. இந்தோனேசியாவில் ஓடிப் பழசான கிஜாங் மாடலுக்குப் பொட்டு வைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்றார்கள். தோற்றம் பெட்டி, எஞ்சின் 2,446 சிசி டீசல், 75 குதிரைத்திறன், டர்போகூடக் கிடையாது. ஆனால் வாடகை ஓட்டுகிறவர் கணக்கு வேறு. பெரிய எஞ்சினிடம் குறைந்த வேலை வாங்கினால் அது சீக்கிரம் களைக்காது. லாரி போல அடிச்சட்டம் தனியாக இருந்தால் பள்ளம் பார்த்துப் பயப்பட வேண்டாம். கெட்டுப்போக அதிகம் இல்லாத வண்டி அதிகம் கெட்டுப்போகாது. சுமோவில் சபரிமலை போய் இடுப்பொடிந்தவர்களுக்கு இது சொகுசாகவும் இருந்தது.

நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போதே 2005-ல் குவாலிஸை நிறுத்தினார்கள். ஓடுகிற குதிரையை ஏன் கட்டிப்போடுகிறார்கள் என்று டீலர்களே திகைத்தார்கள். அதன் இடத்தில் இன்னோவா வந்தது. 2,494 சிசி, 102 குதிரைத்திறன். அதே மாதிரி தனி அடிச்சட்டம், அதே பின்சக்கர இழுவை, ஆனால் உள்ளே உட்கார்ந்தால் கார். இதனால்தான் டி-போர்டு வண்டிக்காரரும் சொந்த போர்டு முதலாளியும் ஒரே மாடலை வாங்கினார்கள். வாடகைக்கு ஓடுகிற வண்டி என்று பெயர் விழுந்தால் வசதியானவர்கள் தொடமாட்டார்கள் என்பது கார் வியாபாரத்தின் பழைய விதி. இன்னோவா அதை உடைத்தது.

அரசியலும் விடவில்லை. 2012 கடைசியில் மதிமுகவிலிருந்து அதிமுகவுக்கு வந்த நாஞ்சில் சம்பத்துக்கு ஜெயலலிதா ஓர் இன்னோவா கொடுத்தார். அதோடு அந்த வண்டி மேடைப் பேச்சிலும் கேலிச் சித்திரத்திலும் நிரந்தர இடம் பிடித்தது. கட்சிக்காரர் வளர்ந்துவிட்டார் என்பதை ஊருக்குச் சொல்ல வெள்ளை இன்னோவா ஒன்று போதும் என்றாகிவிட்டது.

2016-ல் கிரிஸ்டா, 2022-ல் அறிமுகமான ஹைகிராஸ் என்று பெயர் தொடர்ந்தாலும், உள்ளே நிறைய மாறிவிட்டது. ஹைகிராஸில் தனி அடிச்சட்டம் இல்லை, டீசல் இல்லை, பின்சக்கர இழுவை இல்லை. பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்த ஹைப்ரிட் உண்டு. பட்டறையில் கேட்டால் இன்றும் கிரிஸ்டா டீசலுக்கே கை தூக்குவார்கள். கம்பெனி விளம்பரத்தில் சொல்வதை விட, பழைய வண்டிச் சந்தையில் கிடைக்கும் விலைதான் அவர்களுக்குச் சான்றிதழ்.

பெயரின் பலம் எவ்வளவு என்பதற்கு இன்னொரு அளவுகோல் இருக்கிறது. சுசுகியும் டொயோட்டாவும் கைகோத்த பிறகு, மாருதியின் பலேனோ 2019-ல் கிளான்சா என்ற பெயரில் டொயோட்டா கடையில் விற்பனைக்கு வந்தது. ஹைகிராஸ் 2023-ல் இன்விக்டோ என்ற பெயரில் மாருதி கடைக்குப் போனது. வண்டி ஒன்று, முகப்பில் சின்னம் இரண்டு. சின்னத்தைப் பார்த்துக் காசு கொடுக்கிறவர் அடியில் இருப்பது எது என்று ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

கயிற்றை இழுக்காத நேரங்கள்

இத்தனை நல்ல பெயர் வாங்கிய நிறுவனம் இரண்டு முறை பலமாகச் சறுக்கியிருக்கிறது. இரண்டுமே நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாததால் வந்தவை.

முதலாவது 2009-10-ல். அமெரிக்காவில் தரைவிரிப்பில் சிக்கியும், தானே ஒட்டிக்கொண்டும் ஆக்சிலரேட்டர் மேலே வராமல் வண்டிகள் சீறிப் பாய்ந்தன, உயிர்கள் போயின. 80 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. 2010 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் உட்கார்ந்த அன்றைய நிறுவனத் தலைவர் அகியோ டொயோடா, நாங்கள் வளர்ந்த வேகம் அதிகமாகிவிட்டதோ என்று அஞ்சுகிறேன் என்ற பொருளில் பேசினார். சிக்கலை மறைத்துத் தவறாகச் சொன்னதற்காக 2014-ல் 120 கோடி டாலர் கட்ட நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இரண்டாவது நம் ஊர் வரைக்கும் வந்தது. 2024 ஜனவரியில் மூன்று டீசல் எஞ்சின்களின் குதிரைத்திறன் சோதனையில் முறைகேடு நடந்ததாகத் தெரியவந்தது. கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் வண்டிகளை டீலர்களுக்கு அனுப்புவது இந்தியாவில் சில நாள் நிறுத்தப்பட்டது. ஓட்டுகிறவர்கள் பயப்பட ஒன்றுமில்லை என்று கம்பெனி சொன்னது. அது சரி. ஆனால் முறைகேடு நடந்த இடம் டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ். தறி செய்வதற்காகச் சகிச்சி 1926-ல் தொடங்கிய அதே கம்பெனி. இழை அறுந்தால் நிற்க வேண்டும் என்ற பாடம் பிறந்த வீட்டிலேயே இழை அறுந்தது தெரிந்தும் தறி ஓடியிருக்கிறது.

பிடதியிலும் எல்லாம் சுமுகம் என்று சொல்ல முடியாது. 2006, 2014, 2020 ஆகிய ஆண்டுகளில் வேலைநிறுத்தமும் கதவடைப்பும் நடந்தன. 2020 தகராறில் உற்பத்தி அளவும் பணிச்சுமையும் முக்கியப் பிரச்சினை. கயிற்றை இழுக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்று புத்தகத்தில் எழுதுவது சுலபம். வேகம் அதிகம் என்று அவர் சொல்லும்போது கேட்பது கஷ்டம்.

ஆக, டொயோட்டாவின் பெயர் ஜப்பானியக் கம்பெனி என்பதால் தானாக வந்ததில்லை. பிழை கண்டால் நிறுத்து என்ற ஒரு பழக்கம் கொடுத்த பெயர் அது. பழக்கம் இருந்த வரை பெயர் வளர்ந்தது. தளர்ந்தபோதெல்லாம் அடி விழுந்தது.

அந்தப் பழக்கத்தை நாமும் கொஞ்சம் கடன் வாங்கலாம். இன்னோவா நிற்காது என்பதற்காக டிரைவரையும் நிறுத்தாமல் ஓட்டச் சொல்கிறோம். பகலெல்லாம் கல்யாண சவாரி முடித்தவரை, ராத்திரியே விமான நிலையத்துக்கு எடுக்கச் சொல்கிறோம். கிலோமீட்டர் ரேட், பேட்டா, டோல் எல்லாம் பேசுகிற நாம், அவர் தூங்கும் நேரத்தைப் பேசுவதில்லை. அடுத்த முறை வண்டி பேசும்போது, வழியில் நிறுத்தி அவர் கண் அசர நாலு மணி நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள். பழைய இன்னோவா வாங்குவதாக இருந்தால், மீட்டரை நம்பாமல் சர்வீஸ் பதிவேட்டைக் கேளுங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். கம்பெனியின் பெயர் முகப்பில் மட்டும்தான் ஒட்டியிருக்கிறது. வண்டியின் ஆயுள் அதைப் பார்த்துக்கொண்டவர் கையில் இருந்தது.

அடுத்த வாரம்: மறைமலை நகருக்கு வந்து, வாழ்ந்து, கதவை மூடிய ஃபோர்டு.

(தொடரும்)