உடற்பருமனை அறிய உதவும் இந்திய ஆய்வக எலி

உடல் எடை மிகுந்திருந்தும் இரத்தச் சர்க்கரை இயல்பாக இருந்தால், அச்சப்பட ஏதுமில்லை எனப் பலர் கருதுகின்றனர். இக்கருத்து ஏன் முழுமையானதன்று என்பதை உணர, நம் நாட்டில் வளர்க்கப்படும் ஓர் எலி வகை துணைபுரிகிறது.

உட்கலப்பு வகை என்பது யாது?

உடன்பிறந்த எலிகளையே குறைந்தது 20 தலைமுறைகள் தொடர்ந்து இணைசேர்த்துப் பெறப்படுவது உட்கலப்பு வகை ஆகும். இவ்வகை எலிகளின் மரபணுக்கள் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும். ஆதலால் உணவு, மருந்து ஆகியவற்றின் விளைவைத் தெளிவாகக் காண இயலும்.

குன்னூரிலிருந்து ஐதராபாத் வரை

1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இராபர்ட் மெக்காரிசன் ஊட்டக்குறைவு நோய் ஆய்வைத் தொடங்கினார். அவ்வாய்வகம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. அதுவே இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அங்குப் பல்லாண்டுகளாக உட்கலப்பில் பேணப்பட்ட விஸ்டார் எலிகளிடையே, 1996-இல் இயல்பாகவே தோன்றிய பருமனான எலிகள் கண்டறியப்பட்டன. அவற்றிலிருந்து உருவான வகை 'டபிள்யூ.என்.ஐ.என். ஓபி' எனப்படுகிறது.

இவ்வெலியின் பண்புகள்

• பிறந்த ஐந்து வாரங்களில் பருமன் புலப்படும்.
• மிகுதியாக உண்ணும்.
• இரத்தத்தில் இன்சுலின், லெப்டின், கொழுப்பு ஆகியவை மிகுந்திருக்கும். சர்க்கரை அளவோ இயல்பாக இருக்கும்.
• பருமனான எலிகள் இனப்பெருக்கம் செய்வதில்லை. மரபணு மாற்றத்தைச் சுமக்கும் பிற எலிகள் வழியாகவே இவ்வகை பேணப்படுகிறது.
• வயது ஏறுகையில் கண்புரை, கட்டிகள் தோன்றக்கூடும், ஆயுளும் குறையும்.

இதிலிருந்து நீங்கள் அறிய வேண்டியவை

இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காதபோது, கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கிறது. மனிதரிடத்தும் இந்நிலை பல்லாண்டுகள் வெளித்தெரியாமல் நீடிக்கலாம். எனவே சர்க்கரையுடன் இரத்த அழுத்தம், கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. ஆகியவற்றை மிகாதிருத்தல் நலம்.

லெப்டின் என்பது போதிய கொழுப்புச் சேமிப்பு உள்ளதென மூளைக்கு உணர்த்தும் இயக்குநீர். அது மிகுந்திருந்தும் இவ்வெலியின் பசி தணிவதில்லை. பசி மன உறுதியை மட்டும் பொறுத்ததன்று. ஆதலால், பருமனாக உள்ளவரைப் பராமரிப்போர் அவரைப் பழித்துரைக்காமல், உணவு, உடற்பயிற்சி, உறக்கம் ஆகியவற்றைச் சீராக்க உடனிருந்து உதவுங்கள்.

கவனத்தில் கொள்க

இவ்வெலியின் பருமனுக்கு ஒரு மரபணு மாற்றமே அடிப்படை. மனிதரின் பருமனுக்குப் பல மரபணுக்களும் வாழ்க்கைமுறையும் காரணமாகின்றன. எலியிடம் பயன் தந்த மருந்து மனிதருக்கும் பயன் தரும் என்பது உறுதியன்று. அத்தகைய செய்திகளை நம்பி, உட்கொண்டுவரும் மருந்தை நிறுத்த வேண்டா.

வேலப்பன்சாவடி, திருவேற்காடு, பூந்தமல்லி பகுதி மக்கள் தங்களுக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகி ஆலோசனை பெறலாம்.