திட்ட முகாமைத்துவ நியமங்களும் வீடு கட்டுவோரும்

திட்ட முகாமைத்துவம் என்பது பொறியியலாளர்க்கும் பெருவணிக நிறுவனத்தார்க்குமே உரிய கலையென எண்ணுவோர் நம்மிடைப் பலர். தொடக்கமும் முடிவும் உடையதாய், அளவுபட்ட பொருளைக் கொண்டு புதிதாக ஒன்றை ஆக்கும் முயற்சியே ஈண்டுத் திட்டம் எனப்படும். அம்முயற்சியை நடத்தும் முறைகளைத் தொகுத்து, அத்துறையார் ஒப்புக்கொண்ட நூலாக வெளியிட்டவையே நியமங்கள். அமெரிக்காவில் 1969இல் தோன்றிய திட்ட முகாமைத்துவ நிறுவனம் தன் வழிகாட்டி நூலின் முதற் பதிப்பை 1996இல் வெளியிட்டது. பிரித்தானிய அரசின் ஆதரவில் எழுந்த 'பிரின்ஸ் 2' என்னும் முறையும் அவ்வாண்டினதே. இவை தொழிலாற்றுவோர்க்கென எழுதப்பட்டவை. ஏனையோர்க்கு அவற்றாற் பயனுண்டோ?

விடை தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1990இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்கள், போர் முடிந்த 2009இன் பின்னர்ப் படிப்படியாகவே தத்தம் காணிகளுக்கு மீண்டனர். தெல்லிப்பழையைச் சூழ்ந்த பல ஊர்களில் அவர்கள் கண்டவை கூரையற்ற சுவர்களும் பற்றைக்காடுமே. வடக்கு கிழக்கில் வீடிழந்தோர்க்கென இந்திய அரசு மேற்கொண்ட வீட்டுத்திட்டத்தின் பெரும்பகுதி, 2012 ஒக்டோபர் முதலாகப் பயனாளிகளே கட்டுவிக்கும் முறையில் நடந்தது. புதுவீடு ஒன்றுக்கு 550,000 ரூபா. வேலை முன்னேறுவதைப் பார்த்துத் தவணை தவணையாக அவர்தம் வங்கிக் கணக்கில் இடப்பட்டது.

இதன் பொருள் யாது? கமம் செய்தவரும், கணவனை இழந்து குடும்பத்தைச் சுமந்த பெண்ணும் திட்ட முகாமையாளர் ஆயினர் என்பதே. மேசனைப் பிடிப்பதும், சீமெந்தும் மணலும் சேர்ப்பதும், கூலி பேசுவதும், கணக்கு வைப்பதும் அவர்கள் பொறுப்பாயின. தொழில்நுட்ப உதவிக்கு ஆளிருந்தும், கடன்படுவது வீட்டுக்காரர் பாடே.

பலர் கடன்பட்டனர். பொருள்களின் விலையேற்றம் ஒரு காரணம். வீடு வளர்ந்தமை மற்றொன்று. வழங்கிய பணம் ஏறத்தாழ 550 சதுர அடி வீட்டுக்கென அளந்தது. அத்திவாரம் வெட்டும் நாளிலோ, 'இன்னும் ஓர் அறை, முன்னால் ஒரு விறாந்தை' என்பர் உறவினர். இவ்வூரில் வீடு மகளின் சீதனமுமாகும். ஆதலின் அவ்விருப்பத்தை ஆடம்பரமெனப் பழித்தல் நேர்மையன்று. எனினும் அத்திவாரத்திற் கூடிய இரண்டடி சுவரிலும் கூடும், கூரையிலும் கூடும். தவணைப் பணம் மட்டும் கூடாது. அடுத்த தவணையோ வேலை குறித்த மட்டத்துக்கு எழுந்த பின்னரே வருவது. முதற் பணத்தைப் பெரிய அத்திவாரத்திற் புதைத்தவர், அம்மட்டத்தை எட்டுவதற்கு நகையை அடகு வைக்க நேரும்.

இவ்விடத்திலேதான் நியமம் உதவுகின்றது. எவை அடங்கும், எவை அடங்கா எனத் திட்டத்தின் எல்லையைத் தொடங்குமுன் எழுதுக. பின்னர் மாற்றம் வேண்டின், அதனாற் பணமும் காலமும் எவ்வளவு கூடுமெனக் கணித்து, உரியவர் ஒப்பிய பின்னரே செய்க என்பது அது கூறும் முறை. மாற்றத்தைத் தடுப்பதன்று இதன் நோக்கம். மேலதிக அறையின் விலை தம் காப்புச் சோடி என அறிந்தே ஒரு தாய் அதனைக் கட்டுவாளாயின், அது அவள் உரிமை. அறியாது கட்டுவதே இடர். மாரிக்கு முன் கூரை ஏற வேண்டுமென்று பின்னோக்கி நாளெண்ணும் வழக்கத்தையும் நியமங்கள் வற்புறுத்துகின்றன. கமக்காரர்க்கு அது புதிதன்று.

நூல்கள் பெரியவை, கலைச்சொற்கள் மலிந்தவை என்பார் கூற்று மெய்யே. ஆயினும் திட்டத்தின் அளவுக்கேற்ப முறையைச் சுருக்கிக்கொள்வதைப் 'பிரின்ஸ் 2' தன் அடிப்படைத் தத்துவங்களுள் ஒன்றாகவே வைத்துள்ளது. அவ்வனுமதியை மறந்து, பத்துப்பேர் கூடும் வாசிகசாலைச் சபையிலும் படிவங்களைப் பெருக்குவாரும் உளர்! பெரும்பணம் செலுத்திப் பெறும் சான்றிதழ் அத்தொழிலை நாடுவோர்க்கு உரியது; வீடு கட்டுவோர்க்கு வேண்டுவது ஒற்றைத் தாளே. அறைகள் எத்தனை, நீள அகலம் எவ்வளவு, கூரை ஓடோ தகரமோ, மலசலகூடம் சேருமோ, மதில் இப்போது இல்லையோ, மாற்றத்துக்கு 'ஆம்' சொல்பவர் யார் என்பவற்றை வீட்டார் சொல்ல, உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் எழுதிக் கொடுத்துவிடலாம். அதில் ஒரு படி மேசனிடமும் இருத்தல் வேண்டும்.