மாசாமாசம் பிடித்தம்... ஆபரேஷன்னா கைக்காசும் போகுதே, ஏன்? அரசு ஊழியர் காப்பீடு விளக்கம்

திருச்சுழியில் வேலை பார்க்கும் ஒரு ஆசிரியருக்கு முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் தேவைன்னு வச்சுக்குவோம். அருப்புக்கோட்டை வந்து, அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் மதுரைக்குப் போகணும். காப்பீட்டு அட்டையைக் காட்டுறார், அனுமதியும் கிடைக்குது. ஆனா டிஸ்சார்ஜ் அன்னிக்கு தனியா ஒரு பில் வருது. 'கட்டணமில்லா சிகிச்சை'ன்னு சொன்ன இடத்துல இந்த பில் எப்படி வந்துச்சு?

திட்டம் என்ன சொல்லுது?

தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2021 ஜூலை 1-ல் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் மூலம் தொடங்கியது. அதுவரை 180 ரூபாயாக இருந்த மாதச் சந்தா 300 ஆனது. அந்த 2021 திட்டத்தில் குடும்பத்துக்கு 5 லட்சம், குறிப்பிட்ட பெரிய நோய்களுக்கு 10 லட்சம் வரை வரம்பு இருந்தது. அது வருஷத்துக்கு 5 லட்சம் இல்லைங்க, நாலு வருஷத்துக்கும் சேர்த்து இருந்தது. முதல் வருஷமே பெரிய ஆபரேஷன் வந்தவங்க மிச்சம் மூணு வருஷத்துக்கு கையைப் பிசைய வேண்டியிருந்தது.

விலை எப்படி குறையுது?

சிகிச்சைக்கு முன்கூட்டியே 'பேக்கேஜ்' தொகை நிர்ணயிப்பதுதான் வழி. உதாரணமாக 2021 திட்டத்தில் கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு 30,000 ரூபாய், கருப்பை நீக்கத்துக்கு 50,000 ரூபாய்தான் உச்சவரம்பாக இருந்தது. பேக்கேஜுக்கு ஒப்புக்கொண்டுதான் மருத்துவமனை பட்டியலில் சேருது. ஆனா அதுக்கு மேல உள்ளதை நோயாளியிடம் வாங்கினா, செலவு குறைஞ்சதா அர்த்தம் இல்லை. காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கிலிருந்து ஊழியரின் பாக்கெட்டுக்கு மாறியிருக்கு, அவ்வளவுதான்.

கலிபோர்னியாவில் என்ன செஞ்சாங்க?

அங்கேயும் இதே தலைவலிதான். அரசு ஊழியர் நல அமைப்பான கால்பர்ஸ், ஒரே மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு ஒரு இடத்தில் 15,000 டாலர், இன்னொரு இடத்தில் 1,10,000 டாலர்னு கொடுத்துக்கிட்டு இருந்தது. 2011-ல் 30,000 டாலர்தான் தருவோம்னு வரம்பு வச்சாங்க. மேலே போனா ஊழியர் கட்டணும். இதுவரைக்கும் நம்ம கதை மாதிரியேதான் இருக்கு. ஆனா, வரம்புக்குள் செய்து தரும் மருத்துவமனைகள் எவைன்னு ஊழியருக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க. நோயாளிகள் அந்தப் பக்கம் நகர்ந்தாங்க. அதிக விலை வாங்கிய மருத்துவமனைகளில் கட்டணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைஞ்சதா 2013-ல் வெளியான ஆய்வு சொன்னது.

திருச்சுழி ஆசிரியருக்கு அந்தத் தகவல் கைக்கு வருதா? எந்த மருத்துவமனை கூடுதலா கேட்காதுன்னு அவர் சக ஆசிரியர்களிடம் விசாரிச்சுத்தான் தெரிஞ்சுக்கணும்.

பொருள் விலையும் இருக்கு

உள்ளே வைக்கும் செயற்கை மூட்டுதான் பில்லில் பெரிய பங்கு. 2017 ஆகஸ்ட்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் முழங்கால் மூட்டுக்கு 54,720 ரூபாய் (வரி தனி) உச்சவிலை வச்சது. அதுக்கு முன் சராசரி விலை 1.58 லட்சம்! அதனால பில்லில் மூட்டின் விலை தனியா இருக்கான்னு பார்க்கணும்.

மதுரையிலேயே இன்னொரு பாடம் இருக்கு. நம்ம கரிசல் காட்டுக்காரரான டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இறக்குமதி லென்ஸ் கட்டுப்படியாகலைன்னு 1992-ல் ஆரோலேப் மூலம் தானே தயாரிச்சது. லென்ஸ் விலை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. நோயாளி தலையில் எதையும் கட்டாம செலவைக் குறைச்ச கணக்கு இது.

இப்போ ஊழியர் என்ன செய்யலாம்?

அட்மிஷனுக்கு முன்பே, காப்பீட்டு நிறுவனம் அனுமதித்த தொகை எவ்வளவுன்னு எழுத்தில் கேளுங்க. கூடுதலா கட்டச் சொன்னா எதுக்குன்னு ரசீதோடு வாங்குங்க. வாய்மொழியா சொன்னதை வச்சு புகார் நிக்காது. ரசீது இருந்தா, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் முறையிடலாம். விருதுநகர் கலெக்டர் ஆபீஸ்தான் அதுக்கான இடம்.

அவசரத்துக்கு பட்டியலில் இல்லாத மருத்துவமனைக்குப் போயிட்டீங்களா? அந்த ஒரே காரணத்துக்காக மருத்துவச் செலவை மறுக்க முடியாதுன்னு, மத்திய அரசு ஓய்வூதியரான சிவ காந்த் ஜா வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. மனுவில் அந்தத் தீர்ப்பையும் குறிப்பிடுங்க.